பச்சைச் சொட்டு

மெழுகுவர்த்தி ஏற்ற இன்னும் ஐந்து மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தன. அடுப்பில் மறுநாளைக்கான சோலண்ட் குழம்புப் பானை மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் ரொட்டி மாவு, மறு பாதியில் ரெய்ஸலின் வேலைக் கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒரு வெள்ளைக் கேபிள் புது ஃபோன் ஒன்றுக்குப் போனது. கம்ப்யூட்டர் திரையின் கறுப்பு ஜன்னலில் அவள் மறுபடியும் அதே கமாண்டை அடித்தாள். இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் என்று பதில் வந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை.

ரெய்ஸலுக்கு எரிச்சல் வரவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரு டாக்டர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் பில் போடுகிறவள் அவள். போட்ட பில் திரும்பி வந்தால் ஏன் வந்தது என்று துருவிப் பார்ப்பதுதான் அந்த வேலையில் அவளுக்குப் பிடித்த பகுதி. ஃபோனில் சார்ஜ் ஏறுகிறது. அப்படியானால் கம்பி சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் பட்டியலில் ஆள் இல்லை?

ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. நவம்பர் கடைசியில் மான்ஸி ஊரில் பொழுது சீக்கிரம் சாயும். நாலேகாலுக்கு மெழுகுவர்த்தி. ஏற்றிவிட்டால் ஷாபஸ், யூதர்களின் ஓய்வுநாள். மறுநாள் இருட்டி மூன்று நட்சத்திரம் தெரியும்வரை வீட்டில் யாரும் ஒரு சுவிட்சைத் தொடமாட்டார்கள், ஒரு பொத்தானை அழுத்தமாட்டார்கள். அதற்குள் இந்த ஃபோன் தயாராக வேண்டும்.

சின்ன மகள் ப்ளிமிக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. குழந்தைக்கு ஐந்து வயது. போன ஷாபஸ் இரவு ரெய்ஸல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து அவள் விரலைக் குத்திப் பார்த்தாள். நாலு மணிக்குப் பார்த்தபோது எண் நன்றாக இருந்தது. ஆறு மணிக்குக் குழந்தை வேர்த்து நனைந்து, உடல் சில்லிட்டு, கூப்பிட்டும் கண் திறக்காமல் கிடந்தது. ஜெபத்துக்கு வைத்திருந்த திராட்சைச் சாற்றை உதட்டில் தடவித் தடவித்தான் எழுப்பினார்கள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி நர்ஸ் ப்ளிமியின் மேல்கையில் பொத்தான் அளவு சென்சார் ஒன்றைப் பொருத்தினாள். அதற்கு ஒரு ஃபோன் வேண்டும். ஃபோனில் ஒரு பச்சைச் சொட்டு, சொட்டின் நடுவில் ஒரு எண். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண் மாறும். குத்தவே வேண்டாம், பார்த்தால் போதும். ஆனால் அரை நிமிடத்தில் திரை அணைந்துவிடும். மறுபடி பார்க்கப் பொத்தானை அழுத்த வேண்டும்.

ரெய்ஸலின் கணவன் நஃப்தலி மதகுருவான ரபியிடம் போய்க் கேட்டுவந்தான். "உயிர் விஷயம். தேவைப்பட்டா அழுத்து, என்கிட்ட கேக்காத" என்று ரபி சொன்னாராம். "ஆனா முன்னாடியே ஏற்பாடு பண்ணிவைக்க முடியும்னா, பண்ணாம இருக்கிறதும் சரியில்ல."

இரவு முழுக்கத் திரை எரிய வேண்டும். பொத்தான்கள் செத்திருக்க வேண்டும். இன்டர்நெட் இருக்கக்கூடாது. ஃபோன்களைச் சோதிக்கும் சமூகக் கமிட்டியின் முத்திரை ஒட்டாத ஃபோன் வீட்டில் இருப்பது தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. இத்தனையையும் செய்ய ஃபோனை அடிவரை திறந்து மாற்ற வேண்டும். அதற்குக் கமிட்டி நம்பும் ஆள் ஹிண்டா, எதிர்வீட்டுப் பெண். பக்கத்துத் தெருப் பெண்களின் ஃபோன்களையெல்லாம் அவள்தான் சுத்தம் செய்கிறாள். போன வருஷம் ரெய்ஸலின் ஃபோனைச் செய்தபோது கூடவே உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் ரெய்ஸல் காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தாள்.

ஹிண்டாவைக் கூப்பிடாததற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வயது மூத்த மகள் ஷிஃப்ராவுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஹிண்டாவின் தம்பி. செவ்வாய்க்கிழமை நிச்சயம் செய்வதாகப் பேச்சு. ஒரு வீட்டில் இப்படியொரு நோய் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணை எடுக்க யோசிப்பார்கள். தங்கைக்கு வந்தது அக்காளின் பிள்ளைக்கும் வருமா என்று கேட்பார்கள். ரெய்ஸலே தன் தம்பிக்குப் பெண் பார்த்தபோது அப்படிக் கேட்டவள்தான். "நிச்சயம் முடியட்டும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்" என்று நஃப்தலி சொல்லியிருந்தான்.

பட்டியல் மறுபடியும் காலியாகவே வந்தது. ரெய்ஸல் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஹிண்டாவுக்கு ஃபோன் செய்தாள்.

ஹிண்டா மழையில் நனைந்த தலைத்துணியோடு, கழுத்தில் இரண்டு கேபிளும் தோளில் குழந்தையின் டயப்பர்ப் பையுமாக வந்தாள்.

"எங்க நோயாளி?"

"யாரு நோயாளி?" என்று ரெய்ஸல் அவசரமாகக் கேட்டாள்.

"ஃபோனைக் கேட்டேன்" என்றபடி ஹிண்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "என்ன இது, நீங்களே ஆரம்பிச்சிட்டீங்களா! ஷாபஸ் சமையலை விட்டுட்டு?"

"சும்மா. பாக்கலாமேன்னு."

"கேபிள் எது?"

"ஷிஃப்ராவோட படிக்கிற விளக்குல இருந்து எடுத்தேன்."

"அதான். இது சோறு மட்டும் போடுற கேபிள். பேச்சுவார்த்தை கிடையாது. எங்க மாமியார் மாதிரி."

ரெய்ஸல் சிரித்துவிட்டாள். "பாக்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"உள்ள ரெண்டு கம்பி குறைச்சல். வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

வெட்டிப் பார்க்க வேண்டும் என்று ரெய்ஸலுக்கு ஆசையாக இருந்தது. ஹிண்டா கழுத்திலிருந்த கேபிள் ஒன்றை மாட்டி அதே கமாண்டை அடித்தாள். இப்போது பட்டியலில் ஒரு நீண்ட எண் வந்தது. பக்கத்தில் அனுமதியில்லை என்று போட்டிருந்தது.

"ஆள் வந்துட்டான். வாசல்லயே நிக்குறான். ஃபோன்ல ஒரு பெட்டி வந்திருக்கும் பாருங்க, உள்ள விடலாமான்னு கேட்டு. சரின்னு சொல்லுங்க."

ரெய்ஸல் மாவு விரலால் தொட்டாள். ஹிண்டா மறுபடி அடித்தாள். அனுமதியில்லை போய், சாதனம் என்று வந்தது.

"நூ, சொல்லுங்க. இவன் என்ன வேலை பாக்கணும்?"

ரெய்ஸல் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னாள். "திரை அணையக்கூடாது. இன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து நாளைக்கு ராத்திரி வரைக்கும் எரியணும். யார் கை பட்டாலும் ஒண்ணும் ஆகக்கூடாது. நெட் வேண்டாம். முத்திரை வேணும்."

"எதுக்கு?"

"கடிகாரம்."

"என்னது?"

"ஷாபஸுக்குக் கடிகாரம். ராத்திரி மணி தெரியறதுக்கு."

ஹிண்டா தலையைத் தூக்கி அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தாள். "அது ஓடலையா?"

"ஓடுது. இது படுக்கையறைக்கு."

"இந்த விலைக்கு ஒவ்வொரு அறைக்கும் ஒண்ணுன்னு பத்துக் கடிகாரம் வாங்கலாமே, ரெய்ஸல்!"

"இருட்டுல தெரியணும்."

"சரி. என் வேலை திறக்கிறது. கேள்வி கேக்கிறது இல்ல" என்ற ஹிண்டா உடனே கேட்டாள்: "இந்தப் பச்சைச் சொட்டு என்ன?"

"அதுதான் கடிகாரம்."

"தண்ணிக் கடிகாரமா?"

"அதை மட்டும் எடுத்துடாத. சத்தமும் கொஞ்சம் வரணும்."

"அலாரமா? ஷாபஸ் ஒரு நாள்தான் நிம்மதியாத் தூங்கறோம். அன்னைக்கும் உங்களுக்கு அலாரமா!"

ரெய்ஸல் மாவுப் பக்கம் திரும்பினாள். பெரிய பின்னல் ரொட்டிகள் இரண்டை முடித்துவிட்டு, மிச்சத்தைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிய்த்துத் தராசில் வைத்தாள். ஒவ்வொன்றும் முப்பது கிராம். ஷாபஸ் அன்று தராசைத் தொட முடியாது. ப்ளிமி எத்தனை உருண்டை சாப்பிட்டாள் என்று தெரிந்தால்தான் எத்தனை மருந்து என்று தெரியும்.

"ரொட்டியை எதுக்கு நிறுத்துப் போடுறீங்க?"

"ஷிஃப்ரா உடம்பைக் குறைக்கணும்னா."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று ரெய்ஸலுக்கு உறைத்தது. மாப்பிள்ளையின் அக்காளிடம். ஹிண்டா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு, "அவளுக்கு என்ன குறைக்க இருக்கு, குச்சி மாதிரி இருக்கா" என்றாள். கல்யாணப் பேச்சு நடப்பது இரண்டு பேருக்கும் தெரியும். முடிகிறவரை அதைப் பற்றி வாய் திறப்பது வழக்கமில்லை.

"பூட்டைத் திறந்தா உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும். சொட்டை மட்டும் வெளிய எடுத்து வச்சிக்கிறேன். அப்புறம் திரும்பப் போடலாம். வேற ஏதாவது இருக்கா?"

"வேற ஒண்ணுமில்ல."

ஹிண்டா சொட்டை எடுத்துத் தன் கோப்புறை ஒன்றில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கமாண்ட். ஃபோன் இருண்டு, கம்பெனியின் பெயர் தெரிந்து, வெறும் எழுத்துகள் மட்டும் உள்ள ஒரு திரைக்கு வந்தது. அடுத்த கமாண்டுக்குக் கறுப்பு ஜன்னலில், சாதனத்துக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது. வந்து நின்றது.

காத்திருந்தார்கள். சோலண்டில் பார்லி வெந்து வாசனை மாறியது. மழை ஜன்னலில் சாய்வாக அடித்தது.

"இப்பத்தானே பட்டியல்ல வந்தான்?" என்று ரெய்ஸல் கேட்டாள்.

"அது அவன் முழிச்சிருக்கும்போது. இது அரைத் தூக்கம். அரைத் தூக்கத்துல அவனுக்கு வேற பேரு, வேற முகம். கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியல. அடையாளம் சொல்ற டிரைவர் நிரல் போடணும்."

அதை இறக்கப் போனால் ரெய்ஸலின் கம்ப்யூட்டரில் இருந்த இன்டர்நெட் வடிகட்டி அந்தப் பக்கத்தையே மூடிவிட்டது. ஹிண்டா டயப்பர்ப் பையைத் துழாவி, ஒரு பிஸ்கட் துண்டையும் ஒரு சின்னக் காலுறையையும் வெளியே போட்டு, கடைசியில் ஒரு பென் டிரைவை எடுத்தாள். டிரைவரைப் போட்டாள். கமாண்டை அடித்தாள். காத்திருக்கிறது.

வாசலில் பள்ளிக்கூட வேன் ஹார்ன் அடித்தது. ப்ளிமி நனைந்த பையோடு ஓடிவந்தாள். நீளக் கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். ஹிண்டாவைப் பார்த்ததும் நின்றாள்.

"எனக்கு ஒரு ரகசியம் இருக்கு" என்றாள்.

ரெய்ஸலின் கை மாவில் நின்றது.

"அப்படியா? எவ்ளோ பெருசு?" என்றாள் ஹிண்டா.

ப்ளிமி விரலால் ஒரு சின்ன வட்டம் காட்டினாள். "சொல்ல மாட்டேன்."

"நானும் கேக்க மாட்டேன் போ."

"கேளுங்க."

"கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்று ப்ளிமி திருப்தியாகச் சொன்னாள். ரெய்ஸல் அவள் தோளைப் பிடித்து, "வா ஷெஃபலே, கண்ணு, கை கழுவலாம்" என்று குளியலறைக்கு இழுத்துப்போய்க் கதவைத் தாழிட்டாள். குழாயைத் திறந்துவிட்டுக் குழந்தையின் நடுவிரலைக் குத்தினாள். நூற்றுப் பன்னிரண்டு. குப்பையில் போட்ட, ரத்தம் தொட்ட சோதனைத் துணுக்கின்மேல் டிஷ்யூவைக் கசக்கிப் போட்டாள்.

"சொல்லலயே, மம்மி."

"சமத்து."

"அவங்க கேக்கவே இல்ல" என்று ப்ளிமி குறைப்பட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது ஹிண்டா கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் டிங் என்றது. ரெய்ஸல் அடுப்பைக் குறைக்கப் போனவள் அங்கேயே நின்று கேட்டாள்.

"இன்னொரு தடவை சொருகு."

டிங். ஒரு நொடி கழித்து, தணிந்த குரலில், டொங்.

"வந்துட்டு உடனே போயிடுது, ஹிண்டா. வரும்போது ஒரு சத்தம், போகும்போது ஒரு சத்தம்."

ஹிண்டா அவளைப் பார்த்தாள். இன்னொரு முறை சொருகினாள். டிங், டொங். "ஓய், காது உங்களுக்கு! நான் டிரைவர் டிரைவர்னு அடிச்சிக்கிட்டு இருக்கேன். இந்தப் புது ஓட்டையெல்லாம் ரொம்ப வேகம். சில ஃபோனு மிரண்டு ஓடிடும். பழைய ஓட்டை ஏதாவது இருக்கா?"

"பிரிண்டருக்கு ஒரு பழைய பெட்டி இருக்கு. நாலு ஓட்டை."

"கொண்டாங்க."

பீரோவுக்குப் பின்னாலிருந்து தூசியோடு எடுத்து வந்தாள். பெட்டி வழியாகச் சொருகியதும் டிங். டொங் வரவில்லை. காத்திருக்கிறது என்ற வரிக்குக் கீழே புதிதாக மூன்று வரிகள் குதித்தன. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். ஐந்து வாரத்தில் ரெய்ஸல் எதற்காகவும் கைதட்டியதில்லை.

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. ஃபோன் தன்னையே துடைத்துக்கொண்டு வெறுமையாக எழுந்தது. ஹிண்டா ரூட் செய்து, அதை அடிவரை மாற்றும் உரிமையை எடுத்துக்கொண்டாள். பிறகு கமிட்டியின் பட்டியலை ஓடவிட்டாள். எடுக்க வேண்டியவற்றையெல்லாம் வரிசையாகப் போட்டு அவளே எழுதிய சின்ன நிரல் அது. திரையில் வரிகள் சரசரவென்று ஓடின. ஒவ்வொரு வரியின் முடிவிலும் நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது.

"இவ்வளவு எடுத்தும் உயிரோட இருக்கே" என்றாள் ரெய்ஸல்.

"உயிரோட இருக்க ரொம்பக் கொஞ்சம்தான் வேணும். மீதியெல்லாம் கடைக்காரங்க போட்டது."

ஒன்றரை மணிக்கு ஷிஃப்ரா வந்தாள். சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை, வெள்ளிக்கிழமை அரைநாள். ஹிண்டாவைக் கண்டதும் கோட்டின் பொத்தானை ஒரு முறை சரிபார்த்துக்கொண்டு, வணக்கம் சொல்லி, நேரே போய் உருளைக்கிழங்கைத் துருவ உட்கார்ந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ரெய்ஸல் லேசாகத் தலையசைத்தாள். ஹிண்டாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

ஹிண்டா சொட்டைத் திரும்பப் போட்டாள். திரையை அணையாமல் நிறுத்தினாள். ஓரத்துப் பொத்தான்களைக் கொன்றாள். ரெய்ஸலிடம் கொடுத்து, "அழுத்திப் பாருங்க" என்றாள். ரெய்ஸல் எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள். கல்லை அழுத்துவதுபோல் இருந்தது. சொட்டு மட்டும் அமைதியாக எரிந்தது, நடுவில் எண் இல்லாமல். ஹிண்டா முதுகில் முத்திரையை ஒட்டி நகத்தால் தேய்த்தாள்.

"கடிகாரத்துல மணி வரலையே?"

"நான் செட் பண்ணிக்கிறேன். சார்ஜர் உள்ள இருக்கு. மேடையில நூடுல்ஸ் குகல் சுட்டு வச்சிருக்கேன், நீ ஒரு துண்டு சாப்பிடு."

ரெய்ஸல் ஃபோனை எடுத்துக்கொண்டு ப்ளிமியின் அறைக்குப் போனாள். குழந்தை தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. ஃபோனை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்து, நர்ஸ் கொடுத்த நாலு இலக்க எண்ணை அடித்தாள். சென்சாரைத் தேடுகிறது என்று வந்தது. ஒரு வட்டம் சுற்றியது. ரெய்ஸல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ப்ளிமி வீட்டுக்கூரைக்கு ஊதா பூசி, புகைபோக்கிக்கும் ஊதா பூசினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்தபோது ஹிண்டா ஒரு காலில் பூட்ஸ் மாட்டியிருந்தாள். கடிகாரம் இரண்டு நாற்பது காட்டியது.

"வேலை செய்யல" என்றாள் ரெய்ஸல்.

ஹிண்டா கையை நீட்டி ஃபோனை வாங்கினாள். பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்து பழைய பெட்டியில் சொருகினாள். "என்ன சொல்லுது?"

"தேடுது. தேடிக்கிட்டே இருக்கு."

"எதை?"

ரெய்ஸல் மேசையில் சிந்திய மாவைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அவனையே கேட்டுடலாம். ஃபோனு தனக்குத்தானே முனகிக்கிட்டே இருக்கும், எந்நேரமும். நாம காது கொடுக்கணும், அவ்வளவுதான்." ஒரு கமாண்டை அடித்தாள். கறுப்பு ஜன்னலில் வரிகள் பெருக்கெடுத்தன. பேட்டரி, கடிகாரம், திரை, வெப்பம். ஒரு சின்னப் பெட்டிக்குள் இத்தனை முனகலா என்று, அந்தப் பயத்திலும் ரெய்ஸல் குனிந்து பார்த்தாள். ஹிண்டா சொட்டின் பெயரைச் சேர்த்து மறுபடி அடித்தாள். வெள்ளம் நின்றது. ஒரே வரி மட்டும் வந்தது. கொஞ்சம் பொறுத்து அதே வரி. மறுபடியும் அதே வரி. ப்ளூடூத் சேவை கிடைக்கவில்லை.

ஹிண்டா நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தாள்.

"கடிகாரம் எதுக்கு ப்ளூடூத்தைத் தேடுது?"

உருளைக்கிழங்கு துருவும் சத்தம் நின்றது.

"நீ எடுத்துட்டியா அதை?" என்றாள் ரெய்ஸல்.

"எடுக்காம? கமிட்டிப் பட்டியல்ல மேலேருந்து ரெண்டாவது அதுதான். போன குளிர்காலத்துல பசங்க ஒரு ஃபோன்லேருந்து இன்னொரு ஃபோனுக்குப் படம் மாத்திக்கிட்டு இருந்தாங்களே, அதுக்கப்புறம் சேத்தது."

"திரும்ப வைக்க முடியுமா?"

"முடியும். பழைய நகல் என்கிட்ட இருக்கு. அரை மணி நேரம். நேரம் பிரச்சனையில்ல." ஹிண்டாவின் குரலில் காலையிலிருந்த விளையாட்டு இல்லை. "எதுக்குன்னு சொல்லுங்க."

"கடிகாரத்துக்கு வேணும்போல."

"ரெய்ஸல். கோடையில ஒரு வீட்டுல காது மெஷினுக்குன்னு கேட்டாங்க. நம்பி வச்சுக் கொடுத்தேன். காது மெஷினும் இல்ல, ஒண்ணுமில்ல. அந்த வீட்டுப் பையன் ராத்திரி முழுக்கப் படம் பாத்திருக்கான். ரெண்டு மாசம் முத்திரையை என்கிட்டேருந்து பிடுங்கி வச்சிட்டாங்க. இப்ப ப்ளூடூத் வைக்கணும்னா யாருக்கு, எதுக்குன்னு கமிட்டிக்குச் சொல்லியாகணும். பேரோட. பொய் சொன்னா நான் வேலையை விட்டுட வேண்டியதுதான்."

"நான் பொய் சொல்றவளா?"

"இல்ல. அதான் எனக்குப் புரியல. காலையிலேருந்து யோசிக்கிறேன். அணையாத திரை, அழுத்த முடியாத பொத்தான், அலாரம். என்னடா இதுன்னு மண்டை குடையுது. கெட்டதுக்குக் கேக்கிறவங்க யாரும் பொத்தானைக் கொல்லச் சொல்ல மாட்டாங்க. ஆனா ப்ளூடூத்துன்னா..."

ரெய்ஸல் அடுப்பைப் பார்த்தாள். நஃப்தலி ஷாபஸுக்கு முந்தைய சடங்குக் குளியல் முடித்து நேரே ஜெபக்கூடம் போயிருப்பான். கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. கேட்டாலும் என்ன சொல்வான் என்று தெரியும். இன்னும் நாலு நாள். ஒரே ஒரு ஷாபஸ். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை குத்தலாம். நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே ஐந்து மணிக்கு ஒரு முறை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே என்ன செய்வது?

"எனக்குத்தான்" என்றாள் ஷிஃப்ரா.

இரண்டு பேரும் திரும்பினார்கள். ஷிஃப்ரா எழுந்து நின்றிருந்தாள். துருவிய உருளைக்கிழங்கின் பசை விரல்களில் மணிக்கட்டுவரை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"ஹெட்ஃபோனுக்கு" என்றாள். "பாட்டு கேக்க. ராத்திரியில."

"என்ன பாட்டு?" என்று ஹிண்டா கேட்டாள்.

"வெளிப் பாட்டு. நம்ம ஆளுங்க பாடறது இல்ல." ஷிஃப்ராவின் காதுகள் சிவந்தன. ஆனால் குரல் தடுமாறவில்லை. "மம்மிக்குத் தெரியாது. அந்தச் சொட்டு ஆப் நான் போட்டது. கடிகாரம்னு மம்மிகிட்ட நான்தான் சொன்னேன். என் பேரையே கமிட்டியில கொடுங்க. ப்ளூடூத்தை மட்டும் வச்சிக் கொடுத்துடுங்க."

ஹிண்டா ஷிஃப்ராவையே பார்த்தாள். காலையிலிருந்து ஃபோன்காரியாக இருந்தவள் அந்தப் பார்வையில் மாப்பிள்ளையின் அக்காளாக மாறினாள். கண் ஷிஃப்ராவின் முகத்திலிருந்து நீளக் கைச் சட்டைக்கும், ஒழுங்காக வாரிய தலைக்கும் போய், மறுபடி முகத்துக்கு வந்தது. இவ்வளவு நாள் விசாரித்ததில் தப்பவிட்டது எது என்று தேடுகிற பார்வை.

"வெளிப் பாட்டா" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"சரி." ஹிண்டா பெட்டியிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள். டொங். அதை நாலு விரலில் சுற்ற ஆரம்பித்தாள். "சரி. நான் ஒண்ணும் கேக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வரேன்."

அவள் யாரையும் பார்க்காமல் சுற்றினாள். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். வீட்டுக்குப் போய் என்ன சொல்லப்போகிறாள் என்பது அந்தக் கையில் தெரிந்தது.

ஷிஃப்ரா உட்காரவில்லை. அம்மாவைப் பார்த்து, இருக்கட்டும் என்பதுபோல் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். நோய் என்றால் யோசிப்பார்கள், கேட்பார்கள், ஒருவேளை சரியென்றும் சொல்வார்கள். இதற்கு யோசிக்கவே மாட்டார்கள். இந்த ஒரு வீடு மட்டுமல்ல, தெருவில் எந்த வீடும் யோசிக்காது. அது தெரியாத பெண் இல்லை. தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள்.

உள்ளேயிருந்து ப்ளிமி, "மம்மி, பசிக்குது" என்று கூப்பிட்டாள். நிஜமான பசியா, எண் இறங்குகிற பசியா என்று சொல்ல வழியில்லை. மேசைமேல் ஃபோன் எரிந்துகொண்டிருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹிண்டா இன்னொரு பூட்ஸை எடுத்தாள்.

ரெய்ஸல் போய் அவள் கையிலிருந்து பூட்ஸை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அவ ஒரு பாட்டும் கேக்கல" என்றாள். ஷிஃப்ரா, "மம்மி, வேண்டாம்" என்றாள். ரெய்ஸல் அவள் பக்கம் திரும்பவில்லை. சுற்றிவைத்த கேபிளை ஹிண்டாவின் விரல்களிலிருந்து உருவி, அதன் முனையைத் தேடிப் பிடித்து, அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"ப்ளிமிக்குச் சர்க்கரை வியாதி, ஹிண்டா. அஞ்சு வாரமாச்சு. அவ கையில ஒரு சென்சார் ஒட்டியிருக்கு, அதைத்தான் இது தேடுது. கமிட்டிக்கு அவ பேரைக் கொடு. உங்க அம்மாகிட்டயும் நீயே சொல்லிடு. இப்ப உக்காந்து ப்ளூடூத்தை வை."